தலைவர்கள் சிறையில் இருந்தபோது நெல்லைச் சீமை வாலிபர்கள் என்ன செய்தார்கள்?

திருநெல்வேலிக்காரரான ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. நம் பக்கத்துச் சுதந்திரப் போராட்டம் என்றால் வ.உ.சி., பாரதியார், சுப்பிரமணிய சிவா, வாஞ்சிநாதன் என்று நாலைந்து பெயரோடு பாடப்புத்தகம் முடிந்துவிடுகிறதே, மற்ற இளவட்டங்கள் எல்லாம் கூட்டத்தில் நின்று கோஷம் போட்டவர்கள்தானா? கூடவே இன்னொன்றும் கேட்கிறார். அவருடைய தாத்தாவின் அண்ணன் 1942இல் ஆறுமுகநேரிப் பக்கம் போலீசிடம் அடிபட்டுத் தலைமறைவாக இருந்ததாக வீட்டில் சொல்வார்களாம். ஆனால் தியாகிகள் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. அப்படியானால் அது வீட்டார் கட்டிய கதையா? கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான். பெயர் எழுதப்படாத ஆட்கள் செய்த காரியத்தை எதை வைத்து நம்புவது?

நான் இந்த மாவட்டத்தில் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துப் பழைய கோப்புகளையும் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்த்தே பழகியவன். திருநெல்வேலி என்று இங்கே நான் சொல்வது 1986இல் தூத்துக்குடி பிரிவதற்கு முந்தைய பழைய மாவட்டத்தை. வாஞ்சிநாதனின் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆனாலும் பேச்சிலும் கொள்வினை கொடுப்பினையிலும் நம்மூர்தான் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. இந்தச் சீமையில் வெள்ளைக்கார அரசாங்கம் நிஜமாகவே ஆடிப்போன நாட்களைத் தேதி போட்டு எழுதிப் பாருங்கள். 1908 மார்ச் 13. 1942 ஆகஸ்ட், செப்டம்பர். இரண்டு தடவையும் தலைவர்கள் வெளியே இல்லை. கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். தெருவில் நின்றவர்கள் மாணவர்கள், மில் தொழிலாளர்கள், கடைப் பையன்கள், உப்பள ஊர்களின் வாலிபர்கள். என்ன செய்யலாம், எதுவரை போகலாம் என்று சொல்ல யாரும் இல்லாத நிலையில் அவர்களாகவே முடிவெடுத்தார்கள். அதில் வீரமும் இருந்தது, விபரீதமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவர்களை மறுபடியும் ஓவியத்தில் பின்னால் நிற்கும் கூட்டமாகத்தான் ஆக்குவோம்.

1908இலிருந்து தொடங்குகிறேன். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் முதல். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் நின்று பார்க்கச் சொல்வது 1908 பிப்ரவரி 27ஆம் தேதியை. அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஹார்வி கம்பெனியின் நூற்பாலை அது. அன்றைய சட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த மில்லுக்குள் யார் இருந்திருப்பார்கள் என்பது விளங்கும். 1891ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒன்பது வயதுப் பிள்ளையை வேலைக்கு வைக்கலாம்; பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். பதினான்கு தாண்டினால் முழு ஆள். அதாவது, இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டிய பையன் அங்கே முழுத் தொழிலாளி. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டுத்தான் வெளியே வந்தார்கள். அவர்களோடு நின்ற சிவாவுக்கே அப்போது 23 வயது.

தூத்துக்குடி நகரமக்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள், சிலருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. இந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைத் தடையை மீறிக் கொண்டாடியதும், தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் தொடர்ந்து பேசியதும் அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மூவரும் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தார்கள். திருநெல்வேலி டவுனில் கடைகள் அடைபட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். கூட்டம் சேர்ந்து நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட் என்று சர்க்காரின் அடையாளம் எதுவெல்லாமோ அத்தனைக்கும் போனது, தீ வைத்தது. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. அந்தப் புகை நாள் கணக்கில் நின்றது என்று ஊரில் சொல்வார்கள். கலெக்டர் விஞ்ச் முன்னிலையில் போலீஸ் சுட்டது. நால்வர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த இரண்டாவது நிறுத்தத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்தத் தடவை கூலி கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை. மூன்று பேரைப் பிடித்துப் போனதற்காகச் சம்பளத்தை விட்டார்கள். திலகரைத் தண்டித்ததற்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் வெளியே வந்தது அதே வருடம் ஜூலையில். அதற்கு நாலு மாதம் முன்பே தூத்துக்குடித் தொழிலாளர்கள் அதைச் செய்துவிட்டார்கள். இதை நம்மூர்ப் பிள்ளைகளுக்கே ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் பல வருட ஆதங்கம்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கைது, கடையடைப்பு, தீவைப்பு, துப்பாக்கிச் சூடு, நாலு சாவு, இரண்டாவது வேலைநிறுத்தம் எல்லாம் அரசாங்க அறிக்கையிலேயே இருப்பவை. இரு நகரங்களிலும் தண்டப் போலீஸ் நிறுத்தி அந்தச் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டியதும் உறுதி. சவரத் தொழிலாளி ஒருவர், தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வ.உ.சி.க்கு எதிரானவர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் எழுந்து போனார் என்ற கதை இருக்கிறதே, அது பல வடிவங்களில் உலவுகிறது. அதன் ஒவ்வொரு விவரத்தையும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சவரத் தொழிலாளர்களும் சலவைத் தொழிலாளர்களும் வண்டிக்காரர்களும் சுதேசி இயக்கத்துக்கு எதிரானவர்களுக்கு வேலை செய்ய மறுத்தார்கள் என்ற அடிப்படை உண்மை. கதை அந்த உண்மையின் மேல் வளர்ந்தது. யார் அந்தத் தொழிலாளி என்று கேட்டால் வாய்மொழி ஒரு பதில் சொல்லும், கோப்பு ஒன்றும் சொல்லாது. கோப்பு எழுதியவனுக்கு அவர் முக்கியமில்லை.

சுட்ட போலீஸ்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. உத்தரவு போட்டவர் வெள்ளைக்காரர். துப்பாக்கி பிடித்த கான்ஸ்டபிள்களில் பெரும்பாலோர் இந்த நாட்டு வாலிபர்கள். மாதச் சம்பளத்துக்காகப் போனவர்கள். சாதாரண இளைஞர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். சுதேசி, காங்கிரஸ் என்று போனவர்களைவிட ஒன்றிலும் சேராமல் வயலையும் பனையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிகம். நீதிக்கட்சிப் பக்கம் நின்ற குடும்பங்களும் இங்கே நிறைய. அவர்களுக்கும் அவரவர் நியாயம் இருந்தது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாதவன் சுயராஜ்யம் பேசினால் அதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

அடுத்து 1911. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு ராஜதுரோகம், சிவாவுக்கு உடந்தை என்ற இரண்டு குற்றத்துக்கும் சேர்த்து 40 ஆண்டு தண்டனை போட்டார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. கப்பல் கம்பெனி நொடித்தது. கூட்டம் போட வழியில்லை, பேச வழியில்லை. இப்படி வெளிவாசல் எல்லாம் அடைபட்ட பிறகுதான் செங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து வாலிபர்கள் சிலர் ரகசியச் சங்கத்துக்குப் போனார்கள். அவர்களைத் திரட்டிய நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 21 வயது. வாஞ்சிநாதனுக்கு 25, புனலூரில் வனத்துறையில் சின்ன வேலை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் மனைவியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, ஸ்டேஷன் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷ்தான் 1908இல் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து சுதேசிக்காரர்களை நெருக்கியவர். பிறகு நடந்த வழக்கில் 14 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். நீலகண்டருக்கு 7 ஆண்டு. சங்கத்தோடு தொடர்புடைய இருவர் போலீஸ் கையில் சிக்குவதற்குள் தற்கொலை செய்துகொண்டார்கள்.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை மாணவர்கள் முழுதாக வாசிக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். அதில் நாட்டுப்பற்று இருக்கிறது, உயிரைக் கொடுக்கும் துணிச்சல் இருக்கிறது. சனாதன தர்மத்தைக் காப்பதற்காக என்ற பேச்சும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை இழிவுபடுத்தத் தாழ்த்தப்பட்டோரைக் குறிக்கும் சொல்லையே வசவாகப் பயன்படுத்தியதும் அதே கடிதத்தில்தான் இருக்கின்றன. மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அத்தனை வலைவீசியும் போலீசால் நிறுத்த முடிந்தது 14 பேரை. அந்த மூவாயிரம் ஒரு வாலிபனின் ஆவேசக் கணக்கு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 1908இல் தெருவுக்கு வந்தவர்கள் பல சாதி, பல மதம், பல தொழில். 1911இல் ரகசிய அறைக்குள் போனவர்கள் படித்த, பெரும்பாலும் மேல்சாதி இளைஞர்கள். இரண்டுமே நம்மூர்க் கதைதான், ஆனால் இரண்டும் ஒரே கதை இல்லை. கேள்வி கேட்டவர் தேடுகிற ‘சாதாரண இளைஞர்’ முதல் கூட்டத்தில்தான் அதிகம்.

இடைப்பட்ட வருடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம், தேசிய உணர்ச்சியோடு பிள்ளைகளை வளர்ப்பதற்காகவே வந்தது. அங்கே பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனிச் சாப்பாடு என்று தெரிந்ததும் 1924, 25இல் தமிழ்நாடே கொதித்தது. ஒரே பந்தியில் உட்கார முடியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன சுதந்திரம் என்று அந்தக் காலத்து இளைஞர்கள் கேட்டதை, போராட்டத்துக்கு இடைஞ்சல் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது போராட்டத்தின் உள்ளேயே நடந்த இன்னொரு போராட்டமாகத்தான் தெரிகிறது. 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாக்கிரகத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர்களில் முக்கியமானவர் திருநெல்வேலி சோமயாஜுலு. 1857இல் நீல் செய்த கொடுமைக்குத் தமிழ்நாட்டு வாலிபர்கள் எழுபது வருடம் கழித்துக் கணக்குக் கேட்டார்கள். சிலை இடம் மாறியது 1937இல் காங்கிரஸ் மந்திரிசபை வந்த பிறகுதான்.

அப்புறம் நாடகம். சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ் புராண நாடகத்துக்கு நடுவே தேசியப் பாட்டைப் பாடிப் பலமுறை கைதானவர். வேஷம் கலைக்காமலே போலீஸ் அவரைக் கூட்டிப்போனதும் உண்டு. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டை மனப்பாடம் செய்து மறுநாள் வயலில் பாடியவர்கள்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஊர்களுக்கு அரசியலைக் கொண்டுபோனவர்கள். இதற்கு எந்தக் கோர்ட்டும் தண்டனை கொடுக்கவில்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் வராது.

சரி, 1942. ஆகஸ்ட் 9 விடிவதற்குள் பம்பாயில் காந்தி, நேரு, ஆசாத், பட்டேல் எல்லாரையும் பிடித்துவிட்டார்கள். நம் மாவட்டத்திலும் பெயர் தெரிந்த காங்கிரஸ்காரர்கள் உள்ளே போனார்கள். ‘செய் அல்லது செத்து மடி’ என்ற வார்த்தை மட்டும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. என்ன செய்வது என்ற விளக்கம் வரவில்லை. அந்த வருடம் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. பர்மாவில் பிழைக்கப் போனவர்கள் கையில் காசில்லாமல் திரும்பி வந்தார்கள். வெள்ளைக்காரன் தோற்று ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இந்த அரசாங்கம் நிற்காது என்ற நம்பிக்கை கிராமத்து வாலிபர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேடைப் பேச்சைவிட இந்தச் செய்திக்கு நான் அதிக இடம் கொடுப்பேன். பள்ளி, கல்லூரிகளில் ஸ்டிரைக் நடந்தது. தந்திக் கம்பியை அறுத்தார்கள், தபால் பெட்டியைப் பிடுங்கினார்கள், கையால் எழுதிய துண்டுத்தாளை இரவோடு இரவாக ஒட்டினார்கள்.

திருச்செந்தூர்த் தாலுகா இதில் தனி. ஆறுமுகநேரி, குலசேகரன்பட்டினம் எல்லாம் உப்பள ஊர்கள். உப்பளத்தில் வேலை பார்ப்பவன் காலையும் கண்ணையும் உப்புக்குக் கொடுத்து வாழ்கிறவன். அவன் விளைவித்த உப்புக்கு வரி போட்டுக் காவலும் போட்டு வைத்திருந்தது சர்க்கார். சென்னையில் கவர்னர் மாளிகை எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. அவர்கள் அன்றாடம் பார்த்த வெள்ளைக்கார அரசாங்கம் உப்பு ஆபீஸ்தான். கே.டி. கோசல்ராம் போன்றவர்கள் அந்தப் பகுதியில் வாலிபர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 செப்டம்பர் 20 விடிவதற்கு முன்னால் ஒரு கூட்டம் குலசேகரன்பட்டினம் உப்பு ஆபீசுக்குள் நுழைந்தது. ஆயுதங்களைப் பறிப்பதுதான் நோக்கம். அங்கே இருந்த லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். சதி வழக்குப் போட்டு, காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மற்றவர்களுக்குச் சிறை. மேல்முறையீடுகளுக்கும் பெருமுயற்சிகளுக்கும் பிறகு தூக்கு விலகியது, பின்னர் இருவரும் வெளியே வந்தார்கள். ராஜகோபாலனைக் கடைசிவரை ஊர் ‘தூக்குமேடை ராஜகோபால்’ என்றே அழைத்தது.

லோன் இறந்தது எப்படி, யார் கை முதலில் ஓங்கியது என்று கேட்டால், தீர்ப்பு ஒன்று சொல்லும், ஊர் வேறொன்று சொல்லும். அரசாங்கம் கையில் கிடைத்தவர்களில் அப்ரூவரை, அதாவது கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடியவரை, தேடியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயிர் தப்பப் பேச வேண்டியிருந்தது. அந்த நிலையில் பதிவான வாக்குமூலத்தை வேதவாக்காக நான் எடுப்பதில்லை. அதே சமயம், அங்கே ஒரு மனிதன் வெட்டுண்டு செத்தான் என்பதை மூடி மறைத்து அந்த இரவைப் பாட வேண்டியதும் இல்லை. இதைக் காந்தியின் வழி என்று சொல்ல முடியாது. காந்தி பெயரைச் சொல்லிக்கொண்டு, காந்தி உள்ளே இருந்தபோது, வாலிபர்கள் தங்கள் கோபத்தால் செய்த காரியம் அது. அவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். தூக்குக் கயிற்றுக்கு எதிரே நின்றபோதும் பின்வாங்கவில்லை. இரண்டும் நடந்தவைதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் அந்தக் கிராமங்களுக்குள் புகுந்தது. மகன் கிடைக்காவிட்டால் அப்பனைப் பிடித்தார்கள், அண்ணன் கிடைக்காவிட்டால் தம்பியை அடித்தார்கள். கேள்வி கேட்டவரின் பெரிய தாத்தா இந்த இடத்தில்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். போலீஸ் லாக்கப்பில் வைத்து அடித்து, வழக்கே போடாமல் விட்டுவிட்டால் கோர்ட்டில் பெயர் இருக்காது. தலைமறைவாகவே இருந்து தப்பிவிட்டால் ஜெயில் பதிவேட்டிலும் இருக்காது. சிறுவனாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1909ஆம் வருடத்துச் சவுக்கடிச் சட்டப்படி பதினாறு வயதுக்கு உட்பட்டவனைச் சிறைக்கு அனுப்பாமல் பிரம்படி கொடுத்து அனுப்பிவிடலாம். 1942இல் அவசரச் சட்டங்கள் வந்து பெரியவர்களுக்கும் பல குற்றங்களுக்குச் சவுக்கடி தண்டனையானது. முதுகில் தழும்போடு அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்ட பையன், ஜெயிலுக்குப் போன கணக்கில் வர மாட்டான்.

இதோடு 1972இல் மத்திய அரசு கொண்டுவந்த தியாகிகள் பென்ஷன் விதிகளைச் சேர்த்துப் பாருங்கள். பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் காட்ட வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் மூன்று மாதம். பிரம்படியும் ஒரு தகுதியாகச் சேர்ந்தது, ஆனால் குறைந்தது பத்து அடி என்று கணக்கு. தலைமறைவு வாழ்க்கையும் செல்லும், ஆனால் தேடப்பட்ட ஆள் என்பதற்கு அரசாங்க உத்தரவு வேண்டும். ஜெயில் சான்றிதழ் கிடைக்காவிட்டால் கூட இருந்த கைதி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு அடி வாங்கியவர், நாலு மாதம் உள்ளே இருந்தவர், கூட இருந்தவர் செத்துப்போய்ச் சாட்சி இல்லாதவர் எல்லாம் இதில் விழுந்துவிட்டார்கள். கேட்கவே கூச்சப்பட்டு விண்ணப்பம் போடாதவர்களும் உண்டு. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து, தாத்தாவின் அண்ணன் கதை பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே போல, வீட்டில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து அவர் குலசேகரன்பட்டினம் உப்பு ஆபீசுக்குள் போனார் என்றும் எழுதிவிட வேண்டாம். பெரிய சம்பவத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்த குடும்பக் கதைகள் மெதுவாக அந்தச் சம்பவத்துக்குள்ளேயே நகர்ந்துவிடுவது உண்டு. சொல்கிறவர்கள் பொய் சொல்வதால் அப்படி ஆவதில்லை. கேட்கிறவர்கள் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டுக் கேட்டு அது வளர்கிறது.

பெயர் இல்லாதவர்களை நம்பலாமா என்பதற்கு, இந்தச் சீமையில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய சாட்சியம் 1801ஆம் வருடத்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அந்த மே மாதம் இரண்டாம் தடவை விழுந்தபோது ஆங்கிலேயப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் எழுதிவைத்தது. சண்டை முடிந்த களத்தில் ஒரு கிராமத்துத் தாய் தன் மகனைத் தேடிப் போகிறாள். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விடு, பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்பது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. அவள் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். ஆங்கிலேயர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது பெண்கள் அவர் மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்து, பையன் அம்மையில் செத்துப்போனான் என்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

இதை எழுதியவன் எதிரி. நம்மவர்களைப் புகழ வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. அதனால் இதற்கு நான் கூடுதல் மதிப்பு கொடுக்கிறேன். அவன்கூட அந்தப் பையனின் பெயரையோ தாயின் பெயரையோ எழுதவில்லை. துரத்தி வந்தவர்களும் இதே மண்ணின் வாலிபர்கள்தான் என்பதையும் பாருங்கள். பெண்கள் செய்த காரியம் கோப்பில் ஏறுவது எப்போதும் அரிது. 1942இல் ஓடைக்குள்ளும் விளைக்குள்ளும் ஒளிந்திருந்தவனுக்கு யாரோ ஒருத்தி சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கத்தான் வேண்டும். அக்காவாகவோ மதினியாகவோ இருந்திருப்பாள். அவளைப் பற்றி ஆவணக் காப்பகத்தில் ஒரு வரி தேடினால் கிடைக்காது, வீட்டில் கேட்டால் கிடைக்கும்.

தேடுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், தம்பி. முதலில் வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம், முக்கியமாகப் பாட்டி, பெரியம்மை, அத்தை இவர்களிடம் பேசுங்கள். ‘போராட்டத்தில் என்ன செய்தார்’ என்று கேட்டால் ஏற்கெனவே சொல்லிப் பழகிய கதையைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த ஊருக்குப் போய் ஒளிந்தார், யார் வீட்டில் தங்கினார், என்ன மாடு விற்றோம், எந்தக் கல்யாணம் தள்ளிப்போனது என்று கேளுங்கள். இந்தச் சின்ன விவரங்கள் எளிதில் வளர்வதில்லை. தேதியோடு பொருத்திப் பார்க்கவும் உதவும். அவருடைய முழுப்பெயர், தகப்பனார் பெயர், அந்தக் காலத்தில் வழங்கிய பட்டப்பெயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய போலீஸ் கோப்புகளில் பட்டப்பெயரில்தான் பாதிப் பேர் இருப்பார்கள். பிறகு சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1942, 43ஆம் வருடத்துத் திருநெல்வேலி மாவட்டக் கோப்புகளையும் மாகாண அரசாங்கத்தின் இரு வார அறிக்கைகளையும் கேளுங்கள். குலசேகரன்பட்டினம் வழக்கில் தண்டனை பெற்றவர்களின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாட்சிகள், விடுதலையானவர்கள், தேடப்பட்டுக் கிடைக்காதவர்கள் என்று ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். கிடைக்காதவர்கள் பட்டியலில்தான் நான் முதலில் தேடுவேன்.